ஒருத்திக்குப் பார்த்தால் போதும்

கோவிலம்பாக்கம் தயாளனிடம் செங்கல் இறக்க வரும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அவனுடைய சோதனை தெரியும். லோடு முழுவதையும் அவன் பார்ப்பதில்லை. டயர்மேல் கால் வைத்து ஏறுவான். அடுக்கின் நடுவில் கையை விட்டு, இருப்பதிலேயே சோகை பிடித்தாற்போல் வெளிறிக் கிடக்கும் கல் ஒன்றை உருவுவான். மார்பு உயரத்துக்குத் தூக்கி சிமென்ட் தரையில் போடுவான். உடைந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். உடையாவிட்டால் மூவாயிரம் கல்லும் இறங்கும்.

"ஒண்ணு போதுமாண்ணா? அடியில கீறத பாக்க வேணாவா?" என்று சிட்டிபாபு ஒருமுறை வாயைக் கிளறினான். திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளிலிருந்து பத்து வருஷமாக லோடு கொண்டுவருகிறவன், அந்த உரிமை.

"டேய், கீறதுலயே நோஞ்சான எடுத்துப் போட்டேன். அதுவே தாங்கிச்சுன்னா மத்ததுக்கு இன்னாடா? ஒரே சூளை, ஒரே மண்ணு. எல்லாத்தையும் போட்டுப் பாக்க நான் இன்னா வேலவெட்டி இல்லாதவனா?"

இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் இந்தக் கணக்கு அவனைக் கைவிட்டதில்லை. அப்பா துரைராஜ் ஏரிக்கரையோரம் இருந்த ஒன்றரை ஏக்கரை மனை மனையாக விற்றுத் தின்று தீர்ப்பதற்குள், கடைசித் துண்டைப் பிடுங்கி செங்கல், மணல், ஜல்லிக் கடை போட்டவன் தயாளன். கடைக்கு மேலேயே வீடு. தங்கச்சிகள் இரண்டு பேரிடமும் பாகம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்குப் பத்து சவரன் போட்டுக் கட்டிக்கொடுத்தான். மூத்தவள் கோகிலவாணி கீழ்க்கட்டளையில் மின்வாரிய ஊழியர் தினகரனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தாள். சின்னவள் பொற்கொடியின் புருஷன் இரண்டாம் வருஷமே வேறொருத்தியோடு ஓசூருக்குப் போய்விட்டான். அவள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த மறுநாளே கடையின் கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தாள். பதினோரு வருஷமாக அதே மேஜை. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. சாப்பாடு உண்டு, தீபாவளிக்குப் புடவை உண்டு. அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்செய்து அனுப்பியதும் அவள்தான், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மா முனியம்மா நாற்பத்து நான்கு வயசில் மார்பில் கட்டி வந்து செத்துப்போனாள். கட்டி என்று சொல்ல வெட்கப்பட்டு எட்டு மாதம் ஜாக்கெட்டுக்குள் மறைத்துவைத்திருந்தாள். புண்ணாகி வாடை வந்தபிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாவுக்குப் 'பெரிய வியாதி' என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இருபது வருஷம் கழித்து அம்மாவின் கூடப்பிறந்த மேடவாக்கம் சின்னம்மாவுக்குச் சினைப்பையில் புற்று. தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அவள் ரத்தத்தை எடுத்து ஜீன் பரிசோதனை செய்தார்கள். பரம்பரையாக வருகிற கோளாறு ஒன்று அதில் தெரிந்தது. அவளுடைய அக்கா பிள்ளைகளையும் வரச்சொல்லுங்கள் என்றார்கள்.

மூன்று பேரும் போனார்கள். நித்யஸ்ரீ என்று ஒரு சின்னப் பெண், ஜீன் ஆலோசகர், முப்பதுகூட இருக்காது, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

"உங்க சித்திக்கு இருக்கிற இந்த ஜீன் கோளாறு உங்க அம்மாவுக்கும் இருந்திருக்கும்னுதான் நாங்க நினைக்கிறோம். அப்படின்னா பிள்ளைங்களுக்கு வர்றதுக்கு பாதிக்குப் பாதி சான்ஸ். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதிக்குப் பாதி. லேடீஸ்க்கு இருந்தா மார்புலயோ சினைப்பையிலயோ கேன்சர் வர்ற ரிஸ்க் ரொம்ப ஜாஸ்தி. ஜென்ட்ஸும் சுமந்துட்டு வந்து பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம், சார். அதனால நீங்களும் பாக்கணும்."

"எனக்கு இன்னாத்துக்குமா? எனக்கு அந்த எடமே இல்லியே" என்றான் தயாளன். கோகிலவாணி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பொற்கொடி சிரிக்கவில்லை. அவள் நித்யஸ்ரீயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செலவு எவ்ளோ ஆவும் மேடம்?" என்று அவள்தான் கேட்டாள்.

நித்யஸ்ரீ ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். சித்திக்கு எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், ஆளுக்கு ஆறாயிரம். இல்லை என்று வந்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், அவர்களுக்கு மேற்கொண்டு ஒரு பைசா செலவில்லை. இருக்கிறது என்று வந்தவர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., மேமோகிராம். பதினைந்தாயிரம்போல ஆகும். பத்து வருஷத்துக்குச் சேர்த்தாலும் ஒன்றரை லட்சம். முற்றிய பிறகு பிடித்தால் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்தைத் தாண்டும், உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது.

"எல்லாரும் டெஸ்ட் எடுக்கறதுதான் சார் இதுல சிக்கனமே. தேவையில்லாதவங்களுக்கு ஸ்கேன் மிச்சம், தேவையானவங்களுக்கு உயிர் மிச்சம்."

தயாளன் தாளைக் கையில் வாங்கிப் படித்தான். கணக்கில் தப்பில்லை. தப்பில்லாத கணக்கை எதிராளி நீட்டினால் அவனுக்கு எப்போதுமே சந்தேகம் வரும்.

"நல்லா பேசறமா நீ. நம்ம கடைக்கு வந்தீன்னா நாளைக்கி நாலு லோடு ஜாஸ்தி ஓட்டிடலாம். இதுல உனக்குக் கமிஷன் இன்னா?"

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "இல்ல சார், நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"கோச்சுக்காதமா. சரி, ஒருத்திக்கு எடு. இவளுக்கு." கோகிலவாணியைக் காட்டினான். "இவ அப்பிடியே எங்கம்மாவ உரிச்சு வெச்ச மாரி. மூக்கு, முழி, நடை, எல்லாம். வர்றதா இருந்தா இவளுக்குத்தான் வரணும். இவளுக்கே இல்லன்னா சின்னவளுக்குப் பாக்கவே வாணாம். அவ எங்கப்பா சாடை."

"சார், முகச்சாடைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அக்காவுக்கு என்ன வந்தாலும் தங்கைக்கு அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இவங்களுக்குத் தனியாத்தான் பாக்கணும்."

"ஒரு வயித்துல பொறந்ததுங்கமா. ஒரே சூளை."

"சார், இது செங்கல் இல்ல."

"செங்கல்லகூட அவ்ளோ வித்தியாசம் வராதும்மா!" என்று சொல்லித் தயாளன் உரக்கச் சிரித்தான். அந்தப் பெண் தன் தொழிலையே அறியாதவள்போல் அவனுக்குப் பட்டாள்.

கோகிலவாணியின் ரத்தத்தை மட்டும் எடுத்தார்கள். புறப்படும்போது நித்யஸ்ரீ எழுந்து வந்து பொற்கொடியிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க டெஸ்ட் எடுக்கற வரைக்கும் உங்களுக்கு இருக்குன்னே வெச்சுக்கங்க. அதுவரைக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் விடாதீங்க." பொற்கொடி அந்த வெள்ளைத் தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கோகிலவாணிக்கு இல்லை.

அன்றைக்குத் தயாளன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு பைக்கில் கோவளம் போனான். கரையில் வலையிலிருந்து அப்போதுதான் பிரித்துப் போட்ட வஞ்சிரம், நான்கு கிலோ, பேரம் பேசி மீன்காரக் கிழவியைக் கண்கலங்க வைத்து வாங்கிவந்தான். கோகிலவாணி குடும்பமே வந்திருந்தது. வறுவல், குழம்பு, சாராயத்துக்குப் பதில் தினகரனுக்காக இரண்டு பீர். ரிப்போர்ட்டை டிவி ஸ்டாண்டின் மேல் எல்லோரும் பார்க்கும்படி நிற்கவைத்திருந்தார்கள்.

"எங்கம்மா மூஞ்சி எனக்கு வந்துச்சு, வியாதி வரல பாத்தியா" என்று கோகிலவாணி கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

பொற்கொடி மீன் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ண்ணா, எனக்கும் பாத்துடலாம்ணா. அந்த மேடம் தனியா பாக்கணும்னு சொல்லிச்சே."

கோகிலவாணி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னாடி உனக்கு? நல்ல நாளும் அதுவுமா" என்றாள் கோகிலவாணி. "எனக்கு நல்லா வந்தது உனக்கு வயித்தெரிச்சலா?"

"அதில்லக்கா..."

"உனக்கு இன்னா வரும்?" என்றான் தயாளன், முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடி. "எங்கப்பா சாடை. கோவம் வரும், மிஞ்சிப்போனா சக்கர வரும். மாரு வியாதி வர்றதுக்கு மாரு வேணுமே மொதல்ல." தினகரன் பீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். தயாளனின் மனைவி, தங்கச்சிகளுக்கு அண்ணி, சமையலறையிலிருந்து, "சின்னப்புள்ளைங்க கீதுங்க" என்று சத்தம் போட்டாள், ஆனால் அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது. பொற்கொடி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாப்பா மட்டும் எழுந்து அவள் பின்னால் போனதைத் தயாளன் கவனித்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை கடைப் போன் அடித்தது. பொற்கொடி மேலே சாப்பிடப் போயிருந்தாள். தயாளனே எடுத்தான்.

"வணக்கம் சார், தாம்பரத்திலேர்ந்து பேசறோம். பொற்கொடிங்கற பேஷன்ட்டுக்கு நாளைக்குப் பத்தரைக்கு ஜீன் டெஸ்ட் அப்பாயின்ட்மென்ட் இருக்கு. கன்ஃபர்ம் பண்ணத்தான்."

மகளிர் குழுவில் சேர்த்துவைத்திருந்த பணத்தில் அவளாகவே ஏற்பாடு செய்திருக்கிறாள் என்பது அவனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பெண் பார்க்க ஒரு பெரிய இடத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். இந்த வீட்டு விலாசம் போட்டு, பாப்பாவின் அத்தை பேரில், இப்படி ஒரு காகிதம் எதற்கு? கோகிலாவுக்கே இல்லை, இவளுக்கு எங்கிருந்து வரும்? வீண் வேலை, வீண் பேர்.

"அவங்க ஊர்ல இல்லையே. வெளியூர் போயிட்டாங்க. கேன்சல் பண்ணிடுங்க" என்றான்.

"எப்ப வருவாங்க சார்?"

"நாங்களே சொல்றோம்."

அவளிடம் அவன் சொல்லவில்லை. மறுநாள் காலை, வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியதைக் கடையிலிருந்து பார்த்தான். தடுக்கவும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து வெயிலில் வியர்த்து நனைந்து திரும்பிவந்தாள். நேரே மேஜையில் உட்கார்ந்தாள். ஜல்லி வாங்க வந்திருந்தவருக்கு பில் போட்டாள். அவர் போனபிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"நான் எந்த ஊருக்குண்ணா போயிருந்தேன்?"

அவளுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் தயாளனுக்கு இருந்ததில்லை. "ஞாயித்துக்கெழம வர்றவங்க போவட்டும். பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்பறம் உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி அந்தக் காயிதம் வேணும்னா, அத எடுத்துகினு வேற வூடு பாத்துக்க" என்றான்.

அவள் வேறு வீடு பார்க்கவில்லை. எங்கே பார்ப்பாள்? அந்தப் பெரிய இடம் பொருந்தவில்லை. அடுத்தது வந்தது, அதுவும் பொருந்தவில்லை. ஒவ்வொரு இடம் தட்டிப்போகும்போதும் பொற்கொடியின் பரிசோதனையும் தள்ளிப்போயிற்று. பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் தெளிந்துவிட்டாள் என்று தயாளன் நினைத்துக்கொண்டான்.

ஒன்றரை வருஷம். ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவள் கடைக்கு இறங்கவில்லை. அண்ணி கீழே வந்து அவன் காதில் சொன்னாள். கட்டி. இடது பக்கம். அக்குளிலும் ஒன்று.

"கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தயாளன் பைக் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயேதான் இருந்தது.

கொழுப்புக் கட்டி இல்லை. பரம்பரைக் கோளாறும் இருந்தது. இந்தமுறை ஆஸ்பத்திரியே கேட்காமல் பார்த்தது. பெரிய டாக்டர் லாசரஸ், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"குடும்பத்துல இருக்குன்னு தெரியும். இவங்களுக்கு ஏன் வருஷா வருஷம் பாக்கல? பாத்திருந்தா கடுகு அளவுல புடிச்சிருக்கலாமே."

தயாளன் பொற்கொடியைப் பார்த்தான். அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான்.

"நான்தான் சார் ஊர்ல இல்ல" என்றாள் பொற்கொடி.

ஒரு மார்பை எடுத்தார்கள். தலைமுடி போயிற்று. நகங்கள் கறுத்தன. பார்க்க வந்த கோகிலவாணி கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு வரவேண்டியது உனக்கு வந்துடுச்சேடி. அம்மா மூஞ்சி எனக்குத்தானே..."

"வேணும்னா எடுத்துக்கோக்கா" என்றாள் பொற்கொடி.

கோகிலவாணி அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது குறைந்துபோயிற்று. சாத்துக்குடி மட்டும் தினகரனிடம் கொடுத்தனுப்பினாள்.

வருஷம் முடிவதற்குள் தயாளன் ஒன்பது லட்சம் செலவழித்திருந்தான். முகம் சுளிக்காமல் செலவழித்தான். ஊரில் பெயர் வந்தது. ஆனால் அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் பாப்பாவுக்கு மடிப்பாக்கத்தில் ஓர் இடம் முடிவானது. நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கையில் பாப்பா அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க டெஸ்ட் எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டா? எனக்குத் தெரியாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை அவன் தனியாகத் தாம்பரம் போனான். நித்யஸ்ரீ அதே அறையில் இருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டாள், ஆனால் பழசு எதையும் பேசவில்லை.

"உங்களுக்கு இல்லன்னா உங்க வழியா உங்க பொண்ணுக்கு வராது, சார். அவங்களுக்குத் தனியா டெஸ்ட்டே வேண்டாம்."

"அப்பிடியாமா? நெசமாவா? ஒண்ணு போதுமா?" என்று அவன் மூன்றுதரம் கேட்டான். "அவளுக்கும் சேத்தே எடுத்துடுமா. எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

"வேண்டாம் சார். இதுல நீங்க ஒருத்தர் போதும்."

முடிவு வரும்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது. இல்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, தயாளன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். அது சந்தோஷ அழுகைதான். அவனுக்கே தெரியும். மேலே மூன்றாவது மாடியில் பொற்கொடிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆனால் கடையின் காகிதங்கள் எல்லாம் இன்னும் அவள் கையில்தான் இருந்தன. உடம்பு தாங்குகிற நாட்களில் மேஜைக்கு வந்து உட்கார்ந்து அடுக்கிவைப்பாள். லாரி வாடகை ரசீதுகளுக்கு நடுவில் தயாளன் டெஸ்ட் எடுத்த ரசீது வந்தது. பெயர், தேதி, ஒரே நாளில் பணம் கட்டி ஒரே நாளில் ரத்தம் கொடுத்தது. அவள் அதைப் படித்ததைத் தயாளன் பார்த்தான். அவள் அதைக் கிழிக்கவில்லை, கேட்கவும் இல்லை. துளை போட்டு ஃபைலில் கோத்தாள்.

"பாப்பாவுக்கு இல்லதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

"நல்லது."

அடுத்த வாரம் டாக்டர் லாசரஸ் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். கீமோ இனிமேல் பெரிதாகக் கேட்காது. இந்த ஜீன் கோளாறு இருப்பவர்களுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது. குணமாக்காது. சிலருக்கு நாலு மாசம் கட்டுப்படுத்தும், சிலருக்கு ஒரு வருஷம்கூட. சிலருக்கு ஒன்றுமே செய்யாது. "விலைதான் பிரச்சன. மாசத்துக்கு ஒண்ணேகால் லட்சம் ஆகும். எடுக்காட்டியும் நாங்க தப்பு சொல்லமாட்டோம். வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுலயே நல்லபடியா பாத்துக்கலாம். நிறைய குடும்பம் அதத்தான் செய்யறாங்க."

தயாளன் தொண்டையைச் செருமினான். "வூட்ல பேசிட்டு சொல்றோம் சார்."

"பேசறதுக்கு இன்னா கீது?" என்றாள் பொற்கொடி. "எழுதுங்க சார்."

வெளியே நடைபாதையில், காலி ஸ்ட்ரெச்சர் ஒன்றின் பக்கத்தில் அவன் அவளை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"கொடி, நான் செய்யமாட்டேன்னு சொல்லல. ஆனா தை மாசம் பாப்பா கல்யாணம்..."

"கீழ்க்கட்டள மனை கீதுல்ல? அத வித்துடு."

"அது பாப்பாவுக்குன்னு..."

"தெரியும். அதான் சொல்றேன்."

"நாலு மாசத்துக்கா?"

அவன் சொல்ல நினைத்தது அதல்ல. வாய் தவறி வந்துவிட்டது. பொற்கொடி சுவரில் சாய்ந்துகொண்டாள். முடியில்லாத தலைமேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கடைக்கு வருகிற வாடிக்கைக்காரரிடம் விலை சொல்லும்போது இருக்கிற முகம்தான்.

"ஆமாண்ணா, நாலு மாசத்துக்குத்தான். நீ எங்கிட்டேந்து எடுத்துக்கினதுல அது ஒரு ஓரம். எனக்கும் கணக்கு தெரியும், பதிமூணு வருசமா உன் பில்லு நான்தானே போடறேன். இது வேஸ்ட்டுதான். நான் பொழைக்கப் போறதில்ல. ஆனா எனக்கு ஒரு தபா வேஸ்ட்டா செலவு பண்ணு. லாபம் இல்லன்னு தெரிஞ்சு பண்ணு."

"கொடி..."

"இல்லன்னா இங்கயே சொல்லிடு. அன்னிக்கி போன்ல இன்னா சொன்னன்னு நான் பாப்பாகிட்ட சொல்லிட்டுப் போறேன். அவ எங்கிட்ட கேட்டுகினேதான் கீறா. நான் இன்னும் சொல்லல."

ஒரு நர்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மனை விற்றது. அவசர விற்பனை என்று தெரிந்து வாங்கினவன் விலையை உடைத்தான், தயாளன் உடைய விட்டான். பாப்பாவின் கல்யாணம் பெரிய மண்டபத்திலிருந்து சின்ன மண்டபத்துக்கு மாறியது. அண்ணி பொற்கொடியிடம் பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "பொண்ணு சொத்த முழுங்கறா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். பொற்கொடி அந்தச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மாத்திரை கேட்டது. முதல் மாதம் வாந்தி, மயக்கம். இரண்டாம் மாதம் எழுந்து நடந்தாள். மூன்றாம் மாத ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. முடி, பூனைமயிர்போல முளைக்க ஆரம்பித்தது. சின்ன மண்டபத்துக் கல்யாணத்தில் அத்தை சீரைத் தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலு மாசம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. மேஜைக்குத் திரும்ப வந்துவிட்டாள், காலை ஒன்பதுக்கு டாண் என்று.

தயாளன் ஒவ்வொரு மாதமும் தாம்பரம் போய் அந்த டப்பாவை வாங்கிவந்தான். கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. சில இரவுகளில் இன்னும் எத்தனை டப்பா வாங்கமுடியும் என்று மனசு தானாகக் கூட்டிப் பார்க்கும். கூட்டிப் பார்க்கிறோமே என்று உடனே பதறுவான். அடுத்த ஸ்கேன் எப்படி வரவேண்டும் என்று கடவுளிடம் கேட்கப் போனால், என்ன கேட்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. கடையில் நல்ல கூட்டம். மேஸ்திரிகள், வீடு கட்டுகிற இரண்டு ரிட்டயர்ட் ஆட்கள், லோடு இறக்கிவிட்டுக் கையெழுத்துக்கு நிற்கும் சிட்டிபாபு. மேஜையிலிருந்து பொற்கொடி தலையைத் தூக்கினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ண்ணா, மாத்திர ரெண்டு நாளைக்குத்தான் கீது."

"வாங்கறேன்" என்றான் தயாளன்.

ரிட்டயர்ட் ஆள் ஒருவர் பரிவோடு குனிந்து விசாரித்தார். "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாக் கீறேன் சார். எங்கண்ணன் சாவ வுட்டாத்தானே. மாசம் ஒண்ணேகால் லட்சம் சார், ஒரு டப்பா. மனையயே வித்துச்சு எனக்காக. பொண்ணுக்குன்னு வெச்சிருந்த மனை."

"அடேயப்பா."

"இந்தக் காலத்துல யார் சார் செய்வாங்க, கூடப்பொறந்தவளுக்கு?"

சிட்டிபாபு கையெழுத்துக் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தயாளனையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணன்னா இப்பிடி இருக்கணும்ணா" என்றான். பெரியவர் வந்து தயாளனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் கையைக் கொடுத்துவிட்டு நின்றான். கையை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொற்கொடி பேனாவை எடுத்தாள். "அது மட்டுமா சார்? வியாதி வர்றதுக்கு முன்னாடியே எங்கள எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனது அதுதான். உக்காருங்க, சொல்றேன்" என்று பெரியவருக்கு நாற்காலியைக் காட்டினாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "நீயும் உக்காருண்ணா. எங்க போற? மாத்திரதான் ரெண்டு நாளைக்குக் கீதே."

தயாளன் உட்கார்ந்தான்.